மூத்தவளின் வயது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் பதினொரு வருடமாகக் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருக்கிறேன். கோபக்காரிகளை அந்த வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். களத்தில் எனக்குக் கோபம் வருவதில்லை, வெளியே வந்தால்தான் வருகிறது. இந்த வருடம் மார்ச் மாதம் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் ராக்காயி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் எனக்கும் ஒரு கடிதம் வரும்.

அக்காவுக்கும் எனக்கும் உருத்திரபுரம்தான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து குடியேறிய ஆட்கள். அந்தப் பக்கம் அவர்கள், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த ஆட்கள். அவர்கள் எங்கள் வயலில் கூலிக்கு நின்றார்கள். எங்கள் ஆட்கள் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், தண்ணீர் குடிக்க வேறு கோப்பை கொடுத்தார்கள். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

வேலையில் அந்தக் கோப்பை வித்தியாசம் இல்லை. காலை ஐந்து மணிக்கு வாகனம் வரும். களத்தில் ஆளுக்கு ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை. முழங்காலை ஊன்றி, முகத்துக்கு முன்னால் கண்ணாடி மறைப்பை இறக்கி, கருவியை மண்ணுக்கு மேலே ஆட்டிக்கொண்டு போகவேண்டும். சத்தம் வந்தால் நிறுத்திவிட்டு, சின்னக் கரண்டியால் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்ட வேண்டும். அநேகமாக ஆணி, தகரம், தோட்டாக் கோது. சில வேளை அதுவேதான். அக்கா பதின்மூன்று வருடத்தில் எடுத்ததை எண்ணினால் எங்கள் பிரிவில் வேறு ஒருவரும் கிட்ட நிற்க முடியாது. ஒரு விரலில் கூடக் கீறல் இல்லை.

"விமலா, இதுக்குள்ள இறங்கினா எனக்கு இருபது வயசு. வீட்டுக்குள்ள போனா எண்பது" என்று அக்கா சொல்லுவார்.

எனக்கும் அப்படித்தான். எனக்கு நாற்பத்து மூன்று. வங்கியில் காவலுக்கு நிற்கிற பொடியன் "அம்மா, இஞ்சால வாங்கோ" என்று கூப்பிட்டால் அன்றைக்கு முழுக்க இடுப்பு வலிக்கும். களத்தில் முழங்காலை ஊன்றிய பிறகு அந்த இடுப்பு எங்கே போனதென்றே தெரியாது. யோசித்துப் பார்த்தால், வயது என்பது நேற்றையும் நாளையையும் கூட்டிக் கழிக்கிற கணக்கு. களத்தில் கைக்கு முன்னால் இருக்கிற ஒரு சாண் மண்ணைத் தவிர நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. பிறகு எங்கே வயது?

அக்காவின் கணவர் கடைசி யுத்தத்தில் போய்விட்டார். மகள் அனோஜா ஓமந்தையில் குடும்பமாக இருக்கிறாள். வீட்டில் அக்காவும் தாயார் மீனம்மாவும் மட்டும்தான். வேலைதான் அக்காவுக்கு எல்லாமே. காலைத் தேநீரைக் குடித்துவிட்டு வாகனத்தில் முதல் ஆளாக ஏறி, கடைசி வரைக்கும் யாரையாவது பகிடி பண்ணிக்கொண்டு வருவார். ஐம்பத்து நான்கு வயது என்று அடையாள அட்டை சொன்னது. பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. புதிதாக வந்து சேருகிற பெட்டைகள் அக்காவின் வயதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். அக்கா ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் என்னவோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதுண்டு. கேட்கவில்லை.

தை மாதம் கடிதம் வந்தது. ஐம்பத்தைந்து வயது நிறைந்தவர்கள் களத்தில் இறங்கக் கூடாது என்று புதிய விதி. அக்காவுக்கு மார்ச் மூன்றாம் திகதி ஐம்பத்தைந்து நிறைகிறது, அன்றோடு சரி. கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் எங்கள் மேற்பார்வையாளர் யோகலிங்கம். அவருக்கு ஐம்பத்தெட்டு. கொட்டிலுக்குள் கதிரையில் இருந்து வரைபடம் பார்க்கிறவர்களுக்கு அந்த விதி இல்லை. தலைக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டு வருகிற மனிதர், வியர்த்தால் அது காதோரம் வழியும்.

"அக்கா, வயது போட்டுதுதானே. இனி வீட்டில இருந்து அம்மாவைப் பாருங்கோ, கோயில் குளம் எண்டு போய்வாங்கோ" என்றார் அவர்.

"சேர், நீங்கள் எப்ப கோயில் குளம் போகப்போறியள்?" என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அக்காவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. பதின்மூன்று வருடம் வராத வலி! எழும்பும்போது "அப்பனே" என்று கையை ஊன்றுகிறார். வாகனத்தில் ஏறும்போது கை கேட்கிறார். மத்தியானம் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துவிட்டு, "வயசாச்சு விமலா, முந்தி மாதிரிப் பசிக்கிறேல்லை" என்கிறார். கடிதத்தில் இருந்த எண் முழங்காலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நேற்று வரை வாகனத்தில் துள்ளி ஏறின மனுசி. பெட்டைகளும் அதற்கு ஏற்றபடி, "அக்கா நீங்கள் இருங்கோ, நாங்கள் தூக்கிறம்" என்று பொருட்களைப் பறித்தார்கள். அன்பாகத்தான் பறித்தார்கள். அந்த அன்புதான் ஆளைக் கிழவியாக்கியது.

ஒருநாள் எனக்குப் பொறுமை விட்டுப்போனது.

"அக்கா, உங்களுக்கு விசரே? கடதாசி சொன்னவுடன கால் நோகுமோ?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

"விமலா, எனக்கு ஐம்பத்தைஞ்சு இல்லை. நாற்பத்தொன்பது."

நான் பகிடி என்று நினைத்தேன். அக்கா சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. மலைநாட்டுத் தோட்டத்தில் மீனம்மாவுக்கும் சங்கிலிக்கும் முதலில் பிறந்த பெண்பிள்ளையின் பெயர் ராக்காயி. பஞ்சம் வந்த எழுபத்து நான்கில் அந்தப் பிள்ளை செத்துப்போனது. இரண்டு வருடம் கழித்து அக்கா பிறந்தார். தகப்பன் அக்காவைப் பதியவில்லை. செத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரம் வீட்டில் இருந்தது, பெயர் எழுதி, முத்திரை குத்தி. பிறகு எதற்குப் பதிவுக் கந்தோருக்கு அலைவது என்று விட்டுவிட்டாராம். மறு வருடம் கலவரத்தில் வன்னிக்கு ஓடிவந்தபோது மடியில் அந்தப் பத்திரம் வந்தது, இடுப்பில் அக்கா வந்தார். அன்றிலிருந்து அதுதான் அக்காவின் பெயர், அதுதான் வயது.

"அப்பன் சோம்பேறி. செத்துப் போயிட்டார், இல்லாட்டி இப்பவும் ஏசுவன்" என்றார் அக்கா.

ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பத்திரத்தில் பன்னிரண்டு. ஆறு வயதுக் குழந்தையைப் பன்னிரண்டு என்று காட்டினால் யாருக்காவது சந்தேகம் வரவேண்டாமா? வரவில்லை. அங்கிருந்த வாத்தியார் பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தோட்டக்காட்டுப் பிள்ளையள் உப்பிடித்தான் குறண்டிப்போய்க் கிடக்கும்" என்று பதிந்துகொண்டாராம். எங்கள் ஆட்கள் அவர்களைப் பற்றி நினைத்து வைத்திருந்தது அவ்வளவுதான், அதற்கு ஒரு பொய்ப் பத்திரம் அச்சொட்டாகப் பொருந்தியது. பிறகு பிள்ளை எதைத் தப்பாகச் சொன்னாலும் "பன்னிரண்டு வயதுக் கழுதைக்கு இது தெரியாதோ" என்று அடி. அக்காவுக்கு அப்போது ஆறு வயது. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். தான் மக்கு என்று முப்பது வயது வரைக்கும் நம்பினாராம். அந்த வாத்தியார் எங்கள் சொந்தக்காரர். அதனால்தான் பெயர் எழுதவில்லை, மரியாதையால் இல்லை.

"சின்ன வயசில எனக்கு வயசு கூடத்தான் இருந்தது. எல்லாரும் பெரியவள், பெரியவள் எண்டு சொன்னா நானும் பெரியவள்தானே? எட்டு வயசில பாரம் தூக்கினன், ஏன் முடியேல்லை எண்டு எனக்கே விளங்கேல்லை" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அன்றைக்கே யோகலிங்கத்தைப் பிடித்தேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு தலைமையகத்தோடு கதைத்தார். பிறப்பைத் திருத்திப் பதிய விண்ணப்பித்ததற்கு அத்தாட்சி கொண்டுவந்தால் ஆறு மாதம் பார்க்கலாம், ஆனால் மார்ச் மூன்றுக்கு முன் வரவேண்டும் என்றார்கள். அக்காவின் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. மறுநாள் காலை வாகனத்தில் அவர் யாரிடமும் கை கேட்கவில்லை. ஒரே பாய்ச்சலில் ஏறினார். நான் வேண்டுமென்றே கேட்டேன்.

"முழங்கால் எப்பிடி?"

"எந்த முழங்கால்?" என்றார்.

இரண்டு நாள் லீவு போட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு கந்தோர் கந்தோராகப் போனேன். கடைசியில் ஒரு இளம் எழுதுவினைஞர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனையை மூடி வைத்தார்.

"அம்மா, உங்கட பிறப்பை இப்பவும் பதியலாம். ஆனா அதுக்கு முதல் ராக்காயி எண்ட பிள்ளை இறந்ததைப் பதிய வேணும். அதுக்கு மரண அத்தாட்சி எடுக்க வேணும்."

"ராக்காயி நான்தானே தம்பி" என்றார் அக்கா.

"ஓம். அதுதான் சிக்கல். உங்கட கலியாணப் பதிவு, மகளின்ர பிறப்பு, காணிப் பத்திரம் எல்லாம் அந்தப் பேரில இருக்கு. ஒவ்வொண்டா மாத்த வேண்டிவரும். பெத்த தாய் இருக்கிறா எண்டு சொன்னியள். மூத்த பிள்ளை இறந்திட்டுது, இவா ரெண்டாவது பிள்ளை எண்டு அவா ஒரு சத்தியக் கடதாசி தந்தால் நாங்கள் தொடங்கலாம்."

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். தன் பெயரிலேயே சாவுப் பத்திரம் எடுக்கப்போகிறவர் கொஞ்சமாவது கலங்குவார் என்று நான் எதிர்பார்த்தேன். அக்கா சோடாவைக் குடித்து முடித்துவிட்டு, "அம்மாவின்ர கைநாட்டுத்தானே, நாளைக்கே எடுப்பம்" என்றார். எனக்கும் அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

மறுநாள் பின்னேரம் சமாதான நீதவான் எழுதித் தந்த கடதாசியோடும் மைப்பெட்டியோடும் நாங்கள் இரண்டு பேரும் மீனம்மாவுக்கு முன்னால் இருந்தோம். மீனம்மாவுக்கு எழுபத்தெட்டு. காது நன்றாகக் கேட்கும், கண் மட்டும் கொஞ்சம் மங்கல். நான் கடதாசியை வாசித்தேன். 'எனது மூத்த மகள் ராக்காயி 1974ஆம் ஆண்டு இறந்துவிட்டாள்' என்ற இடம் வந்ததும் மீனம்மா கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"இதுல நான் கை வைக்க மாட்டேன்."

"அம்மா, சும்மா ஒரு கைநாட்டு. எனக்கு வேல போயிரும்" என்றார் அக்கா. தாயோடு பேசும்போது மட்டும் அக்காவின் பேச்சு மலைநாட்டுக்குப் போய்விடும்.

"வேல போனாப் போவுது. அவ செத்தான்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

"செத்துட்டாதானம்மா! அப்பன் ஒழுங்காப் பதிஞ்சிருந்தா இந்தக் கரச்சலே இல்ல."

"ஒங்கப்பன ஏசாத!" மீனம்மாவின் சத்தம் உயர்ந்தது. "அந்தாளு பதியத்தான் பொறப்பட்டாரு. நான்தான் விடல. சாவப் பதியவும் விடல, ஒன்னப் பதியவும் விடல. அந்த வருசம் தோட்டத்துல திங்க ஒண்ணுமில்ல. கெழங்கு கூட இல்ல. எம்புள்ள பசி பசின்னு என் சீலையப் புடிச்சிக்கிட்டே போனா. நான் சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருசத்துல அவ திரும்பி வந்துட்டா. வந்த புள்ளைக்குத்தான் கடுதாசி இருக்கே, பின்ன என்னாத்துக்கு வேற கடுதாசி?"

அக்கா மைப்பெட்டியை மூடி வைத்தார்.

"நான் எப்பம்மா பொறந்தேன்? எந்த மாசம்?"

"மார்ச்சு மாசம் மூணாந் தேதி."

"அது அவ பொறந்தது. நான்?"

மீனம்மா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "தேதி பாக்கல" என்றார்.

எனக்கு அந்த மனுசியின் மேல் ஆத்திரம் பொங்கியது. பசியில் பிள்ளையைப் பறிகொடுத்தவள், அவளை ஏசக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் ஆத்திரம் வந்தது. செத்த பிள்ளையைச் சாக விடாமல் வைத்திருக்க, உயிரோடு இருக்கிற பிள்ளையின் ஆறு வருடத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அடிவாங்கியது இந்தப் பிள்ளை. பாரம் தூக்கியது இந்தப் பிள்ளை. இவ்வளவு காலமும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பதும் இந்தப் பிள்ளைதான். ஒரு கைநாட்டுக்கு ஏலாதாம். நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது, எழும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். அனோஜா ஓமந்தையிலிருந்து வந்து அம்மம்மாவின் காலைப் பிடித்து அழுதாள். கிராம சேவையாளர் வந்து விளங்கப்படுத்தினார். நான் இரண்டு தரம் போய் ஒரு தரம் கெஞ்சினேன், ஒரு தரம் கத்தினேன். மீனம்மா எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார், கையை மட்டும் கொடுக்கவில்லை. நித்திரையில் பெருவிரலைப் பிடித்து மையில் அமத்திவிடுவோமா என்று கூட நான் கேட்டேன். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். "இவ்வளவு காலம் ஒளிச்சு வாழ்ந்திட்டன் விமலா. இதையாவது கேட்டு வாங்கவேணும்" என்றார். ஆனால் வாகனத்தில் ஏற மறுபடியும் கை கேட்கத் தொடங்கியிருந்தார்.

மார்ச் மூன்றாம் திகதி அக்கா தன் பாதையில் கடைசியாக நான்கு மீற்றர் முடித்தார். பக்கத்துப் பாதையில் இருந்த எனக்கு அவருடைய கருவியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒரே சீராக. எழும்பி வந்து கவச உடுப்பைக் கழற்றியபோது கொட்டிலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். யோகலிங்கம் ஒரு கேக் வாங்கி வைத்திருந்தார். அதன் மேல் றோஸ் நிறத்தில் 55 என்று எழுதியிருந்தது. பிரியாவிடையும் பிறந்தநாளும் ஒரே செலவில். பாட்டுப் பாடினார்கள். கத்தியை நீட்டினார்கள்.

அக்கா கத்தியை வாங்கவில்லை.

"சேர், இதைப் பெட்டியில போட்டுத் தாங்கோ. வீட்டை கொண்டுபோறன்."

வழிநெடுக அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு என்னவோ போல் இருந்ததால் என் வீட்டில் இறங்காமல் அவரோடு வாய்க்காலைக் கடந்து போனேன்.

மீனம்மா தோய்த்த சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாசலில் கதிரை போட்டு இருந்தார். குசினியில் சர்க்கரைப் பொங்கல் மணந்தது. வருடா வருடம் மார்ச் மூன்றாம் திகதி அந்த வீட்டில் பொங்கல் இருக்கும். நானும் எத்தனையோ தரம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அக்கா பெட்டியைத் திறந்து தாயின் மடியில் வைத்தார். குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

"இந்தா. ஒம் மகளுக்கு இன்னிக்கு அம்பத்தஞ்சு. நீயே வெட்டு."

மீனம்மாவின் முகம் மலர்ந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எழுத்துக் கலையாமல் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினார். அதை எடுத்து மகளின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"வாயத் தொற ராக்காயி."

"நான் ராக்காயி இல்லம்மா."

நீட்டிய கை அப்படியே நின்றது. "பின்ன நீ யாரு?" என்று மீனம்மா கேட்டார். மறதியில் கேட்கவில்லை, கோபத்தில்தான் கேட்டார்.

"அத நீதான் சொல்லணும். ராக்காயி பசியில செத்துப் போனா. அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு ஒனக்கு இன்னொரு பொம்பளப் புள்ள பொறந்திச்சு. அதுக்கு என்னா பேரு வச்ச?"

மீனம்மா என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. கேக் துண்டிலிருந்து றோஸ் நிறப் பூச்சு அவர் விரலில் வழிந்துகொண்டிருந்தது. கடைசியில், எனக்கே சரியாகக் கேட்காத சத்தத்தில் சொன்னார்.

"பேரு வைக்கல."

அக்கா தாயின் காலடியில் நிலத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப வை" என்றார். "இப்ப வை."